பிணி தீர்க்கும் பெருங்கருணை

(பாரூரில் ஆடித் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கன்னட நாட்டு நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளியிலும் பின்னர் கிருஷ்ணகிரியிலும் அணைகளில் தங்கி இளைப்பாறி, நெடுங்கல் அணைக்கட்டின் வழியாக நம் பாரூர்ப் பெரிய ஏரிக்கு வந்து சேருகின்றாள் தென்பெண்ணை அன்னை. இந்த ஏரி நீரால் விளையும் நிலம் ஏறத்தாழ 2400 ஏக்கர். ஏரிக்காற்று வீசும் இவ்விடத்தில், ஆடித் திங்களில், மாரியம்மையின் திருமுன் நின்று பேசும் பேறு அடியேனுக்கு வாய்த்திருக்கின்றது.

அம்மையின் பெருமையைப் பேசுக என்று விழாக்குழுவினர் பணித்தனர். பேசத்தான் வந்திருக்கின்றேன். ஆனால் அதற்கு முன், சில ஆண்டுகளாக என் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருக்கும் ஒரு வினாவை உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இரண்டாம் முறை அடைக்கப்பெற்ற திருக்கோயில்கள் மீண்டும் திறக்கப்பெற்ற சில நாட்களில், அர்த்த மண்டபத்துக்கு வெளியே ஓர் அம்மையார் நின்றிருந்தார். மே மாதத்தில் கொரோனாக் கொள்ளைநோய்க்குத் தம் மகனைப் பறிகொடுத்தவர். அடியேனைக் கண்டதும் கேட்டார்: "வாத்தியாரய்யா, என் புள்ள மூச்சுக்குத் தவிச்சப்ப இந்தக் கதவெல்லாம் மூடிக் கெடந்துச்சே, அப்ப சாமி எங்க இருந்துச்சு?"

அடியேன் பள்ளியில் தமிழ் பயிற்றியவன். மேடைகளில் திருமுறை பேசுபவன். ஆயினும் அந்தத் தாய்க்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. "எல்லாம் ஊழ்வினை அம்மா" என்று இரண்டு சொற்களைச் சொல்லி வைத்தேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு திருநீற்றைத் தாளில் மடித்துக்கொண்டு நடந்துவிட்டார். அந்த இடத்தில் சொல்லத்தக்க சொல் அதுவன்று என்பது, வாயைவிட்டு வெளிவந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றிரவு வீடு சென்றதும் திருமுறையைத் திறந்தேன். தேடிய விடை நம் அண்டை நாட்டுத் தலமொன்றிலேயே இருந்தது.

திருச்செங்கோட்டை நீங்கள் அறிவீர்கள். இங்கிருந்து சேலம் வழியாகச் சென்று, ஒரே நாளில் வழிபட்டுத் திரும்பலாம். திருமுறைக் காலத்தில் அதற்குத் திருக்கொடிமாடச் செங்குன்றூர் என்று பெயர். திருஞானசம்பந்தப் பெருமான் கொங்கு நாட்டுக்கு எழுந்தருளியபோது அத்தலத்தை வணங்கி, அங்கிருந்து இன்றைய பவானியாகிய திருநணாவுக்குச் சென்று, மீண்டும் செங்குன்றூருக்கே வந்து தங்கினார். அப்போது பனிக்காலம் தொடங்கிற்று. உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிக்கொண்டது. ஒருவர் இருவர் அல்லர், கூட்டம் கூட்டமாக நடுங்கிப் படுத்தனர். இப்பருவத்தில் இந்த நாட்டில் இது வருவது இயல்புதான் என்று அவர்கள் பெருமானிடம் விண்ணப்பித்தனர்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கொள்ளைநோய் வரும்போது மனிதர் முதலில் சொல்லும் சொல் இதுதான். "இது இப்படித்தான் வரும். காலம் அப்படி. அவரவர் விதி." சம்பந்தப் பெருமான் இதனை ஏற்கவில்லை. மண்ணின் இயல்பே ஆயினும் இது நம்மைப் பற்றலாகாது என்று திருவுள்ளம் கொண்டு, திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டு ஒரு பதிகம் அருளிச் செய்தார். முதல் திருமுறையில் 116ஆவதாக அமைந்திருக்கும் திருநீலகண்டப் பதிகம் அது. அடியார்களை விட்டு மட்டுமன்றி, அந்நாட்டை விட்டே அப்பிணி நீங்கிற்று என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார்.

அப்பதிகத்தின் முதற்பாடலின் கருத்தை அடியேன் அன்றிரவு மீண்டும் படித்தேன். முன்னை வினையால் இந்த வினை வந்தது என்று சொல்லிக்கொள்கின்றீர்களே, உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையாகாதா என்று பெருமான் கேட்கின்றார். எத்தனையோ முறை மேடையில் ஓதிய பாட்டு. அந்தத் தாயிடம் ஊழ்வினை என்று சொன்ன எனக்காகவே பாடியதுபோல அன்று தோன்றிற்று.

அத்தோடு பெருமான் நிற்கவில்லை. கையால் செய்யும் தொண்டையும் இறைவனின் திருவடியைப் போற்றுதலையும் அதே பாட்டில் சேர்த்துச் சொல்கின்றார். அடுத்த பாடலில் சோலைகளை வளர்ப்பதையும் குளங்கள் பல தோண்டுவதையும் குறிப்பிட்டு, அவற்றை அருச்சனையோடு ஒன்றாக வைக்கின்றார். நோய் நீக்கப் பாடிய பாட்டில் குளத்துக்கும் சோலைக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பாரூரில் இருப்பவர்களுக்கு இந்த ஐயம் வராது. ஏரிக்கரையில் நிற்பவனுக்கும் மாந்தோப்பில் உழைப்பவனுக்கும், நூறு பேருக்குப் பயன்படும் வேலை எத்தகைய வழிபாடு என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். பதிகம் பாடினால் போதும், மருத்துவர் வேண்டா, ஊசி வேண்டா என்று யாரும் இதனைப் பொருள் கொள்ளலாகாது. உய்யும் வழியைத் தேடு என்று சொன்னவரின் பாட்டைப் பாடிக்கொண்டே, மருத்துவமனையில் கிடைக்கும் வழியைத் தள்ளுவது பெருமானின் வாக்கையே தள்ளுவதாகும். 2021 ஜனவரி 16ஆம் நாள் நம் நாட்டில் கொரோனாத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அவ்வரிசையில் நின்றதும் திருநீலகண்டப் பதிகத்தை ஓதியதன் ஒரு பகுதி என்றே அடியேன் கருதுகின்றேன்.

இனி, ஏன் நீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார்? தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடைந்தார்கள். அமுதம் வேண்டித்தான் கடைந்தார்கள், வந்ததோ ஆலகால நஞ்சு. கடைந்தவர் அத்தனை பேரும் ஓடினார்கள். ஓடிவந்து விழுந்தவர்களிடம் சிவபெருமான் என்ன கேட்டார்? வாசுகியைப் பிடித்து இழுத்தவன் யார், மந்தரமலையை நட்டவன் யார், தலைப்பக்கம் நின்றவன் யார், வால்பக்கம் நின்றவன் யார் என்று கேட்டாரா? கேட்கவில்லை. கையை நீட்டி வாங்கினார், உண்டார். அவர் திருமிடற்றில் அது நீலமாயிற்று. பிரதோஷந்தோறும் நாம் நந்தியெம்பெருமானின் கொம்புகளுக்கு நடுவே தரிசிப்பது அந்தக் கருணையைத்தான்.

நாமோ, நஞ்சு வந்தபோது முதலில் கேட்ட கேள்வி, "யார் கொண்டுவந்தது?" என்பதே.

அன்பர்களே, இனிச் சொல்லப்போவது நம்மைப் பற்றியது. சற்றுக் கசக்கும். 2020 மார்ச் 24ஆம் நாள் இரவில் நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பெற்றது. ஏப்ரல் முடியும்போது மத்திய அரசு மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தது. தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் நம் கிருஷ்ணகிரி. எவ்வளவு பெருமை நமக்கு! தொலைக்காட்சியில் நம் மாவட்டத்தின் பெயரைச் சொன்னபோது திண்ணையில் உட்கார்ந்து கைதட்டியவர்களில் அடியேனும் ஒருவன். அந்தப் பெருமை மே மாதத்தின் முதல் வாரத்தையே தாண்டவில்லை. ஆனால் அது நம் மனத்தில் வேறொன்றை வளர்த்துவிட்டிருந்தது. நாம் தூயவர்கள், வெளியிலிருந்து வருபவன் நஞ்சைச் சுமந்து வருகின்றான் என்னும் எண்ணமே அது.

வெளியிலிருந்து வந்தவர்கள் யார்? அயல்நாட்டாரா? பெங்களூருவில் கட்டட வேலைக்கும், ஓசூர்த் தொழிற்பேட்டையில் கூலி வேலைக்கும் சென்ற நம் பிள்ளைகள், நம் தங்கைமார், நம் மருமக்கள். வேலை நின்றது, வாடகைக்கு வழியில்லை, பேருந்தும் இல்லை. அத்திப்பள்ளியைத் தாண்டி, ஜூஜூவாடிச் சோதனைச்சாவடியைத் தாண்டி, தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக அவர்கள் நடந்து வந்தார்கள். தென்பெண்ணை மட்டும் எந்த இ-பாஸும் கேட்கப்படாமல் எல்லையைக் கடந்து வந்துகொண்டிருந்தாள்.

மார்ச் மாதத்தின் கடைசி நாட்களில் ஒரு நள்ளிரவு. எங்கள் ஊர் எல்லையில் வேலிக்கருவை முள்ளை வெட்டிப் போட்டிருந்தோம். அப்பக்கம் ஒரு கொத்தனார், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். பாதி வழி நடை, பாதி வழி காய்கறி லாரி. கொத்தனார் எங்கள் ஊர்க்காரர்தாம். அவருடைய பாட்டனார் கட்டிய வீடு ஊருக்குள் இருக்கின்றது. பதினான்கு நாள் வெளியே இருக்கட்டும் என்று ஊர் சொல்லிற்று. சொன்னவர்களில் அடியேனும் இருந்தேன். மாந்தோப்பில் ஒரு மோட்டார் கொட்டகையைக் காட்டினோம். அவர்கள் மறுபேச்சுப் பேசாமல் அங்கே சென்றார்கள்.

பதினான்கு நாள் தனித்திருக்கச் சொன்னதைத் தவறென்று அடியேன் சொல்ல வரவில்லை. அரசும் மருத்துவரும் சொன்னதும் அதுவே. தவறு வேறொன்று. அன்றிரவு அந்த நான்கு பேரும் உண்டார்களா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. குழந்தைகளுக்குக் குடிநீர்க் குடம் ஒன்றைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. முள்ளை ஒழுங்காக அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அடியேன் தேவாரம் ஓதினேன்.

விடியற்காலையில் ஆடு மேய்க்கும் ஒரு மூதாட்டி, எழுத்தறியாதவர், தூக்குப்போசியில் கேழ்வரகுக் கூழும் ஒரு சிறு சட்டியில் கீரைக் கடைசலுமாகத் தோப்புக்குச் சென்றார். வரப்பில் கிடந்த கல்லின்மேல் அவற்றை வைத்தார். பத்தடி பின்னே வந்து நின்று, "கொத்தனாரே, கூழு வச்சிருக்கறேன், புள்ளைங்களுக்கு ஊத்து" என்று குரல் கொடுத்தார். அவர்கள் எடுத்துச் சென்றதைப் பார்த்த பின்னரே ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். மறுநாளும் அப்படியே. பதினான்கு நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அடியேன் வழியில் கண்டு, "ஆயா, உங்களுக்கு வயதாகிறதே, பயமில்லையா?" என்றேன். அவர் சொன்னார்: "அம்ம வார்த்த ஊட்டுக்குள்ள நாம போவமாட்டோம் வாத்தியாரய்யா. அதுக்குன்னு அந்த ஊட்டுக்குக் கஞ்சி குடுக்காம உட்ருவமா?"

தள்ளி நிற்பது வேறு, தள்ளி வைப்பது வேறு. இந்த வேற்றுமை, படித்த எங்களுக்குத் தெரியவில்லை. அம்மையின் வழியில் வளர்ந்த அவருக்குத் தெரிந்திருந்தது.

அம்மையின் பெருமையைப் பேச வந்தேன் என்றேனே, இதோ அதுதான். அம்மை கண்ட வீட்டில் நம் முன்னோர் என்ன செய்தார்கள்? வாசலில் வேப்பிலை செருகினார்கள். அதைக் கண்டால் அயலார் உள்ளே நுழையமாட்டார்கள். வீட்டில் தாளிப்பு இல்லை, விருந்து இல்லை, வெளிப்பயணம் இல்லை. குளிர்ந்த உணவு. நோயாளிக்கு அருகில் ஒருவரோ இருவரோதான். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே வழக்கமான நடமாட்டம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரார் வெளியூரில் இரவு தங்குவதில்லை. கிருமி என்னும் சொல்லைக் கேட்டறியாத காலத்தில், நோய் பரவாமல் காக்கும் ஒழுக்கம் அம்மையின் வழிபாடாகவே வளர்ந்து வந்தது. நோயுற்றவரைப் பாவி என்று சொல்லவில்லை. அவர் உடலில் அம்மை எழுந்தருளியிருக்கிறாள் என்று சொன்னார்கள். மனம் நொந்து பேசாதே, அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னார்கள். நோயாளிக்கு இதைவிட உயர்ந்த மரியாதையை வேறு எந்த மக்கள் தந்திருக்கின்றார்கள் என்று அடியேன் அறியேன்.

எல்லாமே குறைவின்றி இருந்தன என்று கூறவும் மாட்டேன். அம்மை குத்த வந்தபோது, அம்மனுக்கு ஆகாது என்று அஞ்சி ஒளிந்தவர்கள் உண்டு. அந்த அச்சத்தால் இழந்த உயிர்களும் உண்டு. நம் பாரத நாட்டில் முதல் அம்மைப்பால் 1802ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாயில் ஒரு குழந்தைக்கு வைக்கப்பெற்றது. 1975ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்நாட்டின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பெற்றார். 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், உலகிலிருந்தே பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். நூற்று எழுபத்தெட்டு ஆண்டுகள்! பெரியம்மை போயிற்று. மாரியம்மன் போனாளா? இதோ, ஆடி வெள்ளியில் நிற்க இடமில்லை. நோய்தான் அவள் என்றால் நோயோடு அவளும் போயிருப்பாள். வெம்மையைத் தணிக்கும் மாரியே அவள். அதனால்தான் தணிக்கும் எந்தக் கையும், ஊசி பிடித்த கையே ஆயினும், அவளுக்கு அயலானதன்று.

நம் எல்லைப்புறத்துக்குக் கொள்ளைநோய் புதியதும் அன்று. 1898ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெங்களூருவுக்குள் பிளேக் புகுந்தது. அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டத்தையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை. எலி செத்து விழுந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வயல்வெளியில் கொட்டகை போட்டுத் தங்குவது அக்கால வழக்கம். நெருக்கமான தெருக்களால் பட்ட துன்பத்தைக் கண்டே, பெங்களூருவில் மல்லேசுவரமும் பசவனகுடியும் அகன்ற தெருக்களோடு அமைக்கப்பெற்றன. அதற்கு முந்திய ஆண்டு, 1897 ஜனவரியில், பம்பாயில் ஹாஃப்கின் என்னும் அறிஞர் தாம் கண்ட பிளேக் தடுப்பு மருந்தை முதலில் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். அவர் வேற்று நாட்டார், வேற்றுச் சமயத்தார். ஆனால் நஞ்சைத் தான் வாங்கிப் பிறரைக் காப்பது யாருடைய செயல் என்று நமக்குத் தெரியும்.

கோவையில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரோடு இன்றும் கோயில்கள் இருக்கின்றன. 2021இல் கோவை இருகூரில் ஓர் ஆதீனத்தார் கொரோனா தேவி என்று ஒரு திருவுருவம் அமைத்தபோது நகைத்தவர் பலர். அடியேன் நகைக்கவில்லை. அஞ்சிய மக்கள் அன்னையை அழைக்கின்றார்கள். அழைத்த பிறகு முகக்கவசத்தையும் அணிந்துகொண்டால் அதில் குறை காண என்ன இருக்கின்றது?

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் திருவள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் சொல்கின்றார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக, அருகிலிருந்து பணிவிடை செய்பவரையும் சேர்க்கின்றார். இந்த நான்காமவரை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். கவச உடைக்குள் வியர்வையில் நனைந்து, தண்ணீரும் அருந்தாமல் பல மணி நேரம் நின்ற செவிலியர்கள், கழிவறை கழுவிய தூய்மைப் பணியாளர்கள், உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களைச் சமய வேறுபாடு பாராமல் சுமந்து சென்று அடக்கம் செய்த இளைஞர்கள் அனைவரும் அந்த நான்காம் கூற்றினர். அவ்விளைஞர்களில் இஸ்லாமிய அன்பர்கள் பலர் இருந்தனர் என்பதை இந்தத் திருக்கோயில் வாயிலில் நின்று நன்றியோடு சொல்ல வேண்டும். அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த அதியமான் ஆண்ட தகடூர் நாடல்லவா இது!

இனி அந்தத் தாயின் வினாவுக்கு வருகின்றேன். கதவு மூடியிருந்தபோது சாமி எங்கே இருந்தது?

முதலில், அக்கதவுகளுக்குப் பின்னே நிகழ்ந்ததைச் சொல்லிவிடுகின்றேன். பக்தர்கள்தாம் உள்ளே வரவில்லை. நித்திய பூசை நிற்கவில்லை. குருக்களும் பூசாரியும் தனியே வந்து, விளக்கேற்றி, நீராட்டி, நைவேத்தியம் படைத்து, யாரும் எதிரில் இல்லாமல் தீபாராதனை காட்டினார்கள். தட்டில் ஒரு காசும் விழாத மாதங்கள் அவை. அவர்களில் பலர் மாத ஊதியம் இல்லாதவர்கள். 2021 ஜூனில், அத்தகையோருக்கு 4000 ரூபாயும் 10 கிலோ அரிசியும் மளிகைப் பொருள்களும் அரசால் வழங்கப்பெற்றன. அதுவரை அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று நாம் எத்தனை பேர் விசாரித்தோம்? நாம் வரவில்லை என்பதற்காக அவர்கள் ஒரு நாளும் நமக்காக வேண்டாமல் இருந்ததில்லை.

இரண்டாவது, அடைத்த கோயிலிலும் ஒரு கதவு திறந்திருந்தது. அது அன்னக்கூடத்துக் கதவு. 2002ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் தொடங்கப்பெற்றதை அறிவீர்கள். பந்தியில் உட்கார வைக்க முடியாத காலத்தில் அடுப்பை அணைத்துவிடவில்லை. 2021 மே மாதத்தில், அரசு மருத்துவமனைகளில் நோயாளிக்குத் துணையிருப்போருக்காகத் திருக்கோயில்களிலிருந்து நாள்தோறும் ஓர் இலட்சம் உணவுப் பொட்டலங்கள் என்று அறிவிக்கப்பெற்று, அவை கொண்டுசெல்லப்பெற்றன. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் இறைவனிடம் நாள்தோறும் ஒரு காசு பெற்று அடியார்களுக்கு அமுது படைத்தார்கள். சம்பந்தர் பெற்ற காசை மாற்ற வட்டம் கேட்டார்கள், அப்பர் பெற்ற காசுக்குக் கேட்கவில்லை. அப்பர் கைத்தொண்டு செய்பவர் என்பதே அதற்குக் காரணம் என்கின்றது பெரியபுராணம். மருத்துவமனை வாசலில் பசித்திருந்தவன் கையில் விழுந்த பொட்டலத்தையும் அடியேன் அத்தகைய வட்டமில்லாக் காசாகவே காண்கின்றேன்.

ஆனால் இவையெல்லாம் அந்தத் தாய்க்குப் போதுமான விடை என்று நான் எண்ணவில்லை. பிள்ளை போய்விட்டான். எந்தப் பொட்டலமும் அவனைத் திருப்பித் தராது. ஏன் அவன், ஏன் அந்த வயதில் என்பதற்கு அடியேனிடம் விடையில்லை. இருப்பதாக நடிப்பதும் பாவம். அதனால் சில மாதங்கள் கழித்து அவர் இல்லத்துக்குச் சென்று, "அம்மா, அன்று நான் ஊழ்வினை என்று சொன்னது தவறு, பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. பாய் விரித்து உட்காரச் சொன்னார். மகனுடைய படத்தைக் காட்டினார். அவன் சிறுவனாக இருந்தபோது ஏரியில் மீன் பிடித்த கதையை நெடுநேரம் சொன்னார். அடியேன் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றுதான் அவருக்குப் பயன்படும்படியாக ஒரு செயலைச் செய்தேன் என்று நினைக்கின்றேன்.

கூழ் கொண்டுபோன அந்த மூதாட்டி 2021 வைகாசியில் மறைந்தார். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நாட்கள். கொரோனாவா முதுமையா என்று யாரும் பார்க்கவில்லை. அச்சத்தில் தெரு அடங்கிக் கிடந்தது. பாடை தூக்க நான்கு பேர் வேண்டுமே என்று அவர் பேரன் திகைத்து நின்றபோது முதலில் வந்து தோள் கொடுத்தவர் அந்தக் கொத்தனார். இரண்டாவதாக அடியேன் சென்றேன். முதலாவதாகச் சென்றிருக்க வேண்டும்.

அந்நாட்களில் முறையாக வழியனுப்பப்பெறாமல் சென்றவர்கள் நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றார்கள். கடைசியாக முகம் பார்க்க முடியவில்லையே, வாய்க்கரிசி போட முடியவில்லையே என்று உங்களில் பலர் இன்றும் உள்ளுக்குள் அழுதுகொண்டிருப்பதை அடியேன் அறிவேன். இன்று சாயரட்சை முடிந்ததும் அவர்களுக்காக இத்திருக்கோயிலில் மோட்ச தீபம் ஏற்றப்படுகின்றது. பெயர்களைப் பூசாரியாரிடம் சொல்லுங்கள். எச்சமயத்தவர் பெயரானாலும் சொல்லலாம், கட்டணம் ஏதும் இல்லை. அந்தத் தாயார் தம் மகனுடைய பெயரை ஏற்கெனவே தந்திருக்கின்றார். அவர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கின்றார்.

மேற்குப் பக்கத்தில் பெரிய அண்டாவில் கூழ் தயாராக இருக்கின்றது. ஆண்டுதோறும் ஆடியில் இந்தக் கூழைக் கொத்தனார் குடும்பத்தினர் வார்க்கின்றார்கள். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலும் உண்டு. எல்லோரும் இருந்து அருந்திச் செல்ல வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.